மூன்றாவது ஜோடியில் ஓர் இடம்

ஐஸ் ஹாக்கியில் ஒரே கிளப்பில் வேர்விடாமல், இங்கே ஒரு வருடம், அங்கே அரை சீசன் என்று ஊர் ஊராக ஆடிப் பிழைப்பவரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். அவர் டிஃபென்ஸ்மேனாகவும், அதாவது தற்காப்பு ஆட்டக்காரராகவும், இருந்துவிட்டால் பாடு இன்னும் கடினம். முன்னால் தாக்கி ஆடும் ஃபார்வர்ட் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைத் தவறவிட்டால் சமாளிக்கப் பின்னால் ஆள் உண்டு. இவர் தவறவிட்டால் மிச்சம் கோலைக் காக்கும் கோலி மட்டும்தான்.

வட அமெரிக்காவின் உச்ச லீகான என்ஹெச்எல்லில் ஓர் அணியின் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஆட்டத்தன்று களமிறங்குவது 20 பேர். அதில் வழக்கமாக 6 பேர் டிஃபென்ஸ், அதாவது மூன்று ஜோடி. முதல் ஜோடி 22, 23 நிமிடம் ஆடும்போது மூன்றாவது ஜோடிக்குக் கிடைப்பது 12 முதல் 15 நிமிடம். ஏழாவது, எட்டாவது ஆள் கோட் சூட்டோடு மேலே உட்கார்ந்து பார்ப்பார். ஜர்னிமேனின் வாழ்க்கை பெரும்பாலும் இந்த ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான்.

ஆறிலிருந்து எட்டுக்கும், அங்கிருந்து கீழ் லீகான ஏஹெச்எல்லுக்கும் இறங்குவது பண விஷயமும்கூட. இவர்களில் பலருக்கு ‘டூ-வே’ ஒப்பந்தம்: மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம், எத்தனை நாள் எங்கே இருந்தார் என்பதுதான் கணக்கு. 2025–26 சீசனில் என்ஹெச்எல் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். நாளுக்குச் சுமார் 4,000. கீழே போனால் அதில் சிறு பங்குதான். அனுபவப்பட்டவரைக் கீழே அனுப்புமுன் ‘வேவர்ஸ்’ பட்டியலில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் மறுநாளே புது ஊர், புது உடை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் மனைவி தலையில் விழும்.

புது ஊரில் அவரைக் காப்பாற்றுவது ஒரே ஒரு வேலை: மூலைக்குப் போய் பக்கை எடுத்து வருவது. எதிரணி பக்கை உள்ளே அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. டிஃபென்ஸ்மேன் திரும்பி மூலையை நோக்கிச் சறுக்குகிறார். பக்கைத் தொடுமுன் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். முதல் பார்வையில் துரத்துபவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், இரண்டாவதில் அவருக்குப் பின்னால் வருபவர் எங்கே. பார்க்காமல் போனால் முதுகில் இடி, மைதானத்தைச் சுற்றிய பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் முகம். பார்த்தாலும் எல்லாம் தெரியாது. மிச்சத்தைக் கூட்டாளிதான் வாயால் சொல்ல வேண்டும். ‘வீல்’ என்றால் கோலுக்குப் பின்னால் சுற்றி நீயே கொண்டு போ. ‘ஓவர்’ என்றால் கோலுக்குப் பின்னாலேயே எனக்குத் தள்ளு. ‘ரிவர்ஸ்’ என்றால் வந்த பக்கமே பலகையில் அடித்துத் திருப்பிவிடு, நான் வாங்கிக்கொள்கிறேன். ‘ரிம்’ என்றால் பலகையோடு சுழற்றி ஓரத்தில் ஆடும் விங்கருக்கு அனுப்பு.

இதில் ரிவர்ஸ்தான் ஆளைக் கவிழ்ப்பது. கூப்பாடு அரை நொடி தாமதித்தாலோ, கூட்டாளி இன்னும் கோல் முன்னாலேயே நின்றாலோ பக் நேராக எதிரணியின் இரண்டாவது ஆள் ஸ்டிக்கில் போய் விழும். அங்கிருந்து கோல் பத்துப் பதினைந்து அடிதான். வீடியோவில் தெரிவது தள்ளிவிட்டவரின் முகம், கூப்பிடாதவர் தெரியமாட்டார்.

ஆகையால் விவரமானவர் புது அணியில் முதல் காலைப் பயிற்சியிலேயே கூட்டாளியைப் பிடித்துக் கேட்டுவிடுவார்: நீங்கள் என்ன சொல் வைத்துக் கூப்பிடுவீர்கள்? மூலையில் தோற்றால் கோல் முன்னால் யார் நிற்பது? இங்கே ஆளைப் பிடித்து ஆடுவதா, இடத்தைப் பிடித்து ஆடுவதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பழைய அணியில் ஆளைத் துரத்திப் பழகிய கால், களைத்துப்போன கடைசிப் பகுதியான மூன்றாம் பீரியடில் தானாகத் துரத்தும். கோல் முன்னால் ஒருவன் தனியாக நிற்பான். புதுசைக் கற்பதைவிடப் பழசை மறப்பதற்குத்தான் நாள் பிடிக்கும், அந்த நாளை யாரும் தருவதில்லை.

வலக்கை ஸ்டிக் டிஃபென்ஸ்மேன்கள் குறைவு. இடக்கை ஸ்டிக்காரர் வலப்பக்கமும் ஆடத் தெரிந்தவரானால் வேலை கிடைக்க ஒரு வழி கூடுகிறது. ஆனால் அங்கே பலகையோரம் வரும் பக் ஸ்டிக்கின் பின்புறமான பேக்ஹேண்டில்தான் சேரும். எதிரணிப் பகுதியின் எல்லையான ப்ளூ லைனில் அதை நிறுத்தத் தனியாகப் பழக வேண்டும்.

ஸ்கேட்டையும் சொல்லாமல் விட முடியாது. பிளேடின் அடியில் ஒரு குழிவு உண்டு. அந்த வளைவின் ஆரம் அரை அங்குலமானால் பனியை நன்றாகக் கடிக்கும், எட்டில் ஐந்து பங்கு (5/8) அங்குலமானால் வழுக்கல் கூடும். கனத்த உடம்புக்காரர்கள் பலர் இரண்டாவதையே கேட்பார்கள். அவசர அழைப்பில் வந்து இறங்கியவர் தன் அளவைச் சொல்ல மறந்து, அங்கே வழக்கமாகத் தீட்டும் அளவில் தீட்டிக் கொடுத்தால், பின்னோக்கிச் சறுக்கித் திரும்பும்போது விளிம்பு மாட்டும். இவர் விழுவதற்குள் எதிராளி தாண்டியிருப்பார்.

இப்படிப் போனவர்கள் எங்கும் சேரவில்லை என்று நினைக்க வேண்டாம். டிஃபென்ஸ்மேன் லூக் ஷென், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் ஐந்தாவதாகத் தேர்வானவர். பத்து வருடம் கழித்து ஏஹெச்எல்லில் சான் டியேகோவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். பிறகு டாம்பா பே அணியோடு 2020, 2021 இரண்டிலும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. ரான் ஹெய்ன்சி 907 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகே முதன்முதலாக அந்தக் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஆஃப் கண்டார்; அந்த 2017லேயே பிட்ஸ்பர்க் அணியோடு கோப்பையும் வென்றார்.

வயது ஏற ஏறக் கீழ் லீகிலும் கதவு சுருங்கும். ஏஹெச்எல் ஆட்டத்தில் கோலிகள் நீங்கலாக 18 பேரில் 13 பேர் வளரும் ஆட்டக்காரர் கணக்கில் இருக்க வேண்டும். 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டிய பலர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மிச்சம் ஐந்து இடத்துக்குத்தான் போட்டி. கிடைக்காதவர் ஜெர்மனி, ஸ்வீடன் என்று கிளம்புவார். ஸ்வீடனின் 30 மீட்டர் அகல மைதானத்தில், 26 மீட்டரில் பழகியவர் மூலை வரை துரத்தினால் திரும்பி வர நேரமிருக்காது.

அந்த ஐந்து இடத்தில் ஒன்றைக் கிளப் ஒரு மூத்த டிஃபென்ஸ்மேனுக்குத் தருகிறது என்றால், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு இருபது வயதுப் பையன் இருக்கிறான் என்று அர்த்தம். பையன் மூலைக்குப் போகிறான். பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற பயத்தில் கையில் கிடைத்ததும் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளப் பார்க்கிறான். கோல் முன்னாலிருந்து பெரியவர் ஒரே சொல் கத்துகிறார்: ‘டைம்!’ யாரும் வரவில்லை, நேரமிருக்கிறது என்று பொருள். பையன் நிற்கிறான், தலையைத் தூக்குகிறான், நடுவில் காலியாக நிற்கும் சென்டருக்குப் பக்கை நேராகக் கொடுக்கிறான்.