குழந்தையைத் தொடுவதற்கு முன்: பீடியாட்ரிக்ஸ் பிராக்டிகல் அனுபவம்

இறுதியாண்டு எம்பிபிஎஸ் ஜூனியர்கள் சிலர், பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) பிராக்டிகல் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று கேட்கிறார்கள். நான் மாடல் தேர்வில் ஃபெயில் ஆனவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு வந்தது ஒன்பது மாதக் குழந்தை. காய்ச்சல், இருமல். அம்மா மடியில் சமர்த்தாகத்தான் இருந்தது. நான் போனதும் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தேன். ஜில்லென்று பட்டிருக்கும், ஊரையே கூட்டிவிட்டது. அடுத்த இருபது நிமிடம் அழுகையைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. தேர்வு எடுக்க வந்த மேடம், குழந்தை பால் குடித்து அடங்கும்வரை பொறுத்திருந்து, சட்டையை மட்டும் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பக்கம் குழி விழுந்துகொண்டிருந்தது. "எண்ணுப்பா" என்றார். நிமிடத்துக்கு 58.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் அன்றைக்கு மனதில் ஒட்டியதுதான், இன்னும் போகவில்லை: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. முழு நிமிடமும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையின் மூச்சு அப்படி ஒரே சீராக ஓடாது. செகண்ட் முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஹிஸ்டரி, அதாவது நோய் வந்த கதையைக் கேட்டு எழுதுவது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அம்மாக்கள் தமிழில் பேசுகிறார்கள். இதில்தான் அதிகம் வழுக்கும். "காய்ச்சலோட இழுப்பு வந்துச்சு சார்" என்றார் ஒருவர். நான் வீசிங் (மூச்சிரைப்பு) என்று எழுதி, ஆஸ்துமாவுக்கான கேள்விகளாக அடுக்கினேன். அவர் சொன்னது வலிப்பை. இழுப்பு என்ற சொல் இரண்டுக்கும் புழங்குகிறது. மாந்தம் என்ற சொல் இன்னும் மோசம். வீட்டுக்கு வீடு பொருள் மாறும். அதனால் நோயின் பெயர் காதில் விழுந்தால் "அப்போ குழந்தை என்ன பண்ணுச்சும்மா, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். கண் மேலே செருகியதா, கை கால் இரண்டு பக்கமும் வெட்டியதா, எவ்வளவு நேரம், ஒரே நாளில் மறுபடி வந்ததா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், 15 நிமிடத்துக்குக் குறைவாக, உடல் முழுக்க, 24 மணி நேரத்தில் ஒரே முறை என்றால் சாதாரண காய்ச்சல் வலிப்பாக இருக்கலாம். ஆனால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று சொல்ல உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே அது இருக்கலாம். உச்சிக்குழி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் கேஸை முடிக்காதீர்கள்.

அம்மாக்கள் சில சமயம் டயக்னோசிஸையே கையில் கொடுத்துவிடுவார்கள். "பால் குடிக்கிறப்ப நெத்தி வேர்க்குது, விட்டு விட்டுக் குடிக்கிறான்" என்றால் இதயத்தைப் பாருங்கள். "காலையில கண்ணு வீங்கிக்கிடக்கு, சாயங்காலம் வடிஞ்சிடுது" என்றால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள்.

உடையைக் கழற்றிப் பார்ப்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு நாள் காய்ச்சலோடு வார்டில் ஒரு பையன். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். பிஜி (முதுநிலை) படிக்கும் அக்கா அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் என்று தேடி, இடுப்பு நாடாவுக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கைக் காட்டினார். ஸ்க்ரப் டைஃபஸ், பூச்சி கடித்து வரும் ஒரு காய்ச்சல். அந்தப் பொருக்கு வலிக்காது, அதனால் வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

வளர்ச்சிப் படிகள், தடுப்பூசி அட்டவணை இரண்டையும் எப்படியும் மனப்பாடம் செய்வீர்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இஞ்ச் டேப் மட்டும் மறக்காதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடுத்த கேள்வி, வீக்கம் இருக்கிறதா என்று இரண்டு பாதத்திலும் அழுத்திப் பார்த்தாயா என்பதுதான்.

உண்மையான தேர்வில் எனக்குக் கிடைத்தது முகம் வீங்கிய நான்கு வயதுப் பையன். முதல் ஐந்து நிமிடம் தொடவே இல்லை, சாவிக்கொத்தைக் கொடுத்து விளையாட விட்டேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் எக்ஸாமினர் "பிபி?" என்றார். வார்டில் பெரியவர்களின் கையில் சுற்றும் கஃப்தான் கண்ணில் பட்டது, அதைச் சுற்றினால் அளவு தவறாகக் குறைந்து வரும். சின்னக் கஃப் கேட்டு வாங்கி அவர் முன்னாலேயே பார்த்தேன். கேஸ் எடுக்கும்போதே பார்த்து வைத்திருந்தால் அத்தனை வியர்த்திருக்காது.