கடலுக்குப் போகும் வெப்பம்

ஓர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து தரும் வெப்பத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் 35 முதல் 40 பங்குதான் மின்சாரமாகக் கம்பியில் ஏறுகிறது. சுமார் பத்துப் பங்கு புகைபோக்கி வழியாகவும் வேறு சிறு இழப்புகளாகவும் போகிறது. மிச்சமுள்ள ஏறக்குறையப் பாதி வெப்பம், கண்டென்சர் என்னும் பெரிய கலத்துக்குள் குளிர்நீரிடம் கைமாறி வெளியேறிவிடுகிறது. மும்பையின் டிராம்பே மின் நிலையத்தில் அந்தக் குளிர்நீர் கடல்நீர். நான் செம்பூரில் தங்கி இயந்திரப் பொறியியல் படித்த காலத்தில், மாகுல் பக்கம் போகும்போதெல்லாம் அந்த நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் படும். பார்ப்பவர்கள் எல்லோரும் புகைபோக்கியைத்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு வெப்பம் ஓசையில்லாமல் தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கிறது.

பாதி வெப்பத்தை ஏன் கடலில் கொட்ட வேண்டும்? வெப்ப இயக்கவியலைப் புதிதாகப் படிக்கும் மாணவர் இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால், பாடத்தின் பெரும்பகுதி தானாகவே பின்னால் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வழக்கமாகப் பாடம் அமைப்பு, சூழல், நிலை மாறிகள் என்ற வரையறைகளில் தொடங்கி, முதல் விதி, இரண்டாம் விதி என்று படிப்படியாக நகர்கிறது. தருக்கப்படி அந்த வரிசையில் குறையில்லை. ஆனால் வரையறைகள் எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தன என்பது கடைசிவரை தெரியாமலே தேர்வு முடிந்துவிடுகிறது.

முதல் விதி இந்தக் கேள்விக்கு உதவாது. கொடுத்த வெப்பம், அகஆற்றலில் ஏறிய அளவும் வெளியே செய்த வேலையும் சேர்ந்ததற்குச் சமம், அவ்வளவுதான். ஜூல் 1840-களில் துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைக் கலக்கிக் கலக்கி அதன் வெப்பநிலை உயர்வை அளந்து, வேலைக்கும் வெப்பத்துக்கும் இடையே ஒரு நிலையான மாற்று விகிதம் இருப்பதை நிறுவினார். ஒரு கலோரிக்குச் சுமார் 4.18 ஜூல் என்று இன்று நாம் எழுதுவது அந்த விகிதம்தான். 100 ஜூல் வெப்பம் முழுதாக 100 ஜூல் வேலையாக மாறினாலும் முதல் விதியின் கணக்கில் பிழை வராது. ஆகவே தடை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்துக்குப் போகும் முன் நீராவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தவர் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர். நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். பாய்லர் அட்டெண்டென்ட் சான்றிதழ் வைத்திருந்தவர். குர்லாவில் ஒரு சலவை ஆலையின் கொதிகலனைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். ஒரு நாள் என்னை அங்கே அழைத்துப்போய், வேறு எதையும் காட்டும் முன் நீராவி சீறிக்கொண்டிருந்த ஒரு சிறு குழாயின் அருகே நிறுத்தினார். “தம்பி, குழா வாயக் கிட்டக்கப் பாருங்க. அங்ஙன ஒண்ணும் தெரியல பாத்தீங்களா? தெரியாம இருக்கே, அதுதான் நெசமான ஸ்டீம். மேல வெள்ளையாப் போறது தண்ணி” என்றார். குழாயின் வாய்க்கும் வெள்ளைப் புகை தொடங்கும் இடத்துக்கும் இடையே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெளிதான் தெரிந்தது. அந்த வெளியில் கையை நீட்டினால் தோல் வெந்துவிடும்.

பிறகு அழுத்தமானியைக் காட்டினார். முள் ஏழு கிலோவில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ அழுத்தத்தில், நின்றது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 170 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மட்டத்தின் மேலும் கீழும் இருக்கும் நீராவிக்கும் நீருக்கும் வெப்பநிலை ஒன்றே. ஆனால் வெப்ப அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியிலேயே வைத்து முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். இந்த உள்ளுறை வெப்பம்தான் கண்டென்சரில் கடல்நீருக்குப் போகிறது. கேள்வி இப்போது கூர்மையாகிறது: இவ்வளவு பாடுபட்டு ஆவிக்குள் ஏற்றிய வெப்பத்தை, அந்த ஆவி விசையாழியை (டர்பைனை) சுழற்றிவிட்டு வந்ததும் ஏன் திரும்பவும் தண்ணீராக்கிக் கழிக்கிறோம்?

விடை, இயந்திரம் ஒரே ஒரு முறை வேலை செய்தால் போதாது என்பதில் இருக்கிறது. செயல்படு பொருள், அதாவது இங்கே நீராகவும் ஆவியாகவும் சுற்றிவரும் தண்ணீர், தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்து, மறுபடி மறுபடி அதே சுற்றைச் சுற்ற வேண்டும். விரியும்போது ஆவி வேலை தருகிறது. அது மீண்டும் கொதிகலனுக்குள் போக வேண்டுமானால், அங்கே நிலவும் உயர் அழுத்தத்துக்கு அதை ஏற்ற வேண்டும். ஆவியை ஆவியாகவே அமுக்கி ஏற்றினால், அது விரிந்தபோது கொடுத்த வேலை முழுவதையும் திருப்பிக் கேட்கும். உராய்வையும் சேர்த்தால் அதற்கு மேலும் கேட்கும். தண்ணீராக்கிவிட்டால் கதை வேறு. வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி சுமார் 1.67 கனமீட்டர் இடத்தை அடைக்கிறது. அதே நீராவி தண்ணீரானதும் ஒரு லிட்டர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு லிட்டரை 100 பார் அழுத்தத்துக்கு (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்குக்கு) ஏற்ற ஏறக்குறைய 10 கிலோஜூல் வேலைதான் ஆகும். விசையாழி ஒரு கிலோ ஆவிக்குத் தரும் வேலையோ ஆயிரம் கிலோஜூல் என்ற அளவில் இருக்கிறது. அழுத்தம்–பருமன் வரைபடத்தில் சுற்றின் உள்ளே அடைபடும் பரப்பு நிகர வேலைக்குச் சமம் என்று பாடத்தில் எழுதுகிறோமே, கீழ்க்கோடு மேல்கோட்டிலிருந்து விலகி இறங்கினால்தான் அங்கே பரப்பு என்று ஒன்று உருவாகும். அதைக் கீழே இறக்குவது குளிர்விப்பு.

வரலாற்றிலும் இந்தக் குளிர்விப்பே மையமாக இருந்திருக்கிறது. நியூகோமனின் 1712-ஆம் ஆண்டு இயந்திரத்தில், ஆவி நிறைந்த உருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீய்ச்சி வெற்றிடம் உண்டாக்கினார்கள். ஒவ்வொரு வீச்சிலும் உருளையின் கனத்த உலோகம் குளிர்ந்து, அடுத்த வீச்சில் அதைச் சூடாக்கவே ஆவியின் பெரும்பகுதி செலவானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அந்த இயந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், 1765-ல் ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைக்கும் வழியைக் கண்டார். 1769-ல் காப்புரிமை பெற்றார். உருளை எப்போதும் சூடாகவும், கண்டென்சர் எப்போதும் குளிர்ச்சியாகவும் இருந்தன. வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது சரியன்று. வெப்பம் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் பிரித்துவைத்தவர் அவர், என் பார்வையில் அது இன்னும் பெரிய காரியம்.

இனி கார்னோ. சாடி கார்னோ 1824-ல், தம் 28-ஆம் வயதில், வெப்பத்தின் இயக்குதிறனைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். எந்த இயந்திரம், எந்தப் பொருள் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அவர் ஒன்றையே கேட்டார்: வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை உண்டா? வெப்பம் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும்போதுதான் வேலை கிடைக்கிறது என்பதை அவர் அருவியின் வீழ்ச்சியோடு ஒப்பிட்டார். மும்பையில் படிக்கும் மாணவருக்கு இந்த ஒப்புமையைப் போல வாய்ப்பான பாடம் வேறு எங்கும் அமையாது. 1915-ல் டாட்டாக்கள் இந்த நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தது கோபோலியிலிருந்து. லோனாவளாவின் மலைமேல் தேக்கிய நீரைக் குழாய்களில் 500 மீட்டருக்கு மேல் இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றினார்கள். 1956-ல் டிராம்பேயில் அனல் மின் நிலையம் வந்தது. ஒரே நகரத்துக்கு ஒரு பக்கம் நீர் இறங்குகிறது, மறுபக்கம் வெப்பம் இறங்குகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்களைப் போட்டுப் பார்ப்பது மிகுந்த தெளிவைத் தரும். ஒரு கிலோ தண்ணீர் 500 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 4.9 கிலோஜூல். ஒரு கிலோ நீராவி வெறுமனே தண்ணீராகும்போது விடும் 2,257 கிலோஜூலை வேலையாகப் பெற, அந்த மலையிலிருந்து 460 கிலோ தண்ணீர் இறங்க வேண்டும். ஆனால் நீர்மின் நிலையம் தன் ஆற்றலில் சுமார் 90 விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது, அனல் நிலையமோ 40-ஐத் தொடவே திணறுகிறது. அனல் நிலையத்துப் பொறியாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தண்ணீரின் வீழ்ச்சியை அது வந்து விழும் சக்கரத்தின் மட்டத்திலிருந்து அளக்கிறோம். வெப்பத்தின் கீழ்மட்டம் கெல்வின் 1848-ல் முன்வைத்த தனி அளவுகோலின் சுழி, அதாவது −273.15 டிகிரி செல்சியஸ். மும்பையின் கடல்நீர் அந்த அளவுகோலில் சுமார் 300 கெல்வின் உயரத்தில் இருக்கும் பீடபூமி. ஆவி 540 டிகிரியில், அதாவது 813 கெல்வினில் தொடங்கி, 30 டிகிரியில், அதாவது 303 கெல்வினில் வந்து நிற்கிறது. 813-இல் 510 மட்டுமே இறக்கம். 510-ஐ 813-ஆல் வகுத்தால் 62.7 விழுக்காடு; கார்னோ இயந்திரத்தின், அதாவது எந்த இழப்பும் இல்லாத இலட்சிய இயந்திரத்தின், பயனுறு திறன் அதுதான். பாடநூல் சூத்திரத்தில் கெல்வினைத் தவிர வேறு அலகைப் போடக்கூடாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பதன் காரணமும் இதுவே.

ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. அருவியில் மேலிருந்து புறப்பட்ட தண்ணீர் முழுவதும் கீழே வந்து சேர்கிறது. வெப்பமும் அப்படியே முழுதாகக் கீழே வந்துசேர்வதாகக் கார்னோ கொண்டார். அக்காலத்தில் வெப்பத்தை அழிவில்லாத ஒரு பாய்மமாகக் கருதினார்கள். 1832-ல் காலராவில் அவர் இறந்தபோது வயது 36. ஜூலின் கண்டுபிடிப்பையும் கார்னோவின் எல்லையையும் சேர்த்துப் பொருத்தும் வேலை கிளாசியஸுக்கும் (1850), கெல்வினுக்கும் (1851) விழுந்தது. இறங்கும் வழியில் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகிக் குறைகிறது, ஆனால் மீதி கட்டாயம் கீழே சேர வேண்டும். அப்படியானால் குறையாமல் அப்படியே இருப்பது எது? வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்த அளவு. அதற்கு 1865-ல் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்டார்.

என்ட்ரோபியைக் கண்டு மாணவர்கள் மிரளத் தேவையில்லை. ‘ஒழுங்கின்மை’ என்ற சொல்லோடு அதை அறிமுகப்படுத்துவதால்தான் மிரட்சி வருகிறது என்பது என் கருத்து. ஒரு கணக்கு போதும். 813 கெல்வினில் 1,000 ஜூல் வெப்பம் உள்ளே வந்தால், அதோடு கெல்வினுக்கு 1.23 ஜூல் என்ட்ரோபியும் வருகிறது. வேலை என்ட்ரோபியைச் சுமந்து செல்லாது. சுற்று முடியும்போது செயல்படு பொருள் பழைய நிலைக்கு வந்தாக வேண்டுமென்பதால் அந்த 1.23 உள்ளேயும் தங்க முடியாது. வெளியேற இருக்கும் ஒரே வாயில் 303 கெல்வினில் இருக்கும் கடல். அங்கே 1.23-ஐச் சுமந்து வெளியேற 303 × 1.23, அதாவது ஏறக்குறைய 373 ஜூல் வெப்பம் வேண்டும். மிச்சம் 627 ஜூல் வேலை. கார்னோவின் 62.7 விழுக்காடு அப்படியே திரும்பி வருகிறது. உராய்வோ, வெப்பநிலை வேறுபாட்டில் தாவும் வெப்பமோ இருந்தால் வழியில் புதிதாக என்ட்ரோபி உண்டாகும். அதையும் கடலுக்கே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால் வேலை இன்னும் குறையும். ஆக, கடலுக்குப் போகும் வெப்பம் அலட்சியத்தால் வீணானது அன்று. என்ட்ரோபியை வெளியேற்ற நாம் கொடுத்தாக வேண்டிய விலை.

62.7 எப்படி நடைமுறையில் 35 முதல் 40 ஆகிறது என்பதையும் தொடர்ந்து கேட்க வேண்டும். 540 டிகிரி என்பது ஆவி கடைசியாக எட்டும் வெப்பநிலை மட்டுமே. 150 பார் அழுத்தத்தில் தண்ணீர் 342 டிகிரியில் கொதிக்கிறது. கொடுக்கும் வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கு, தண்ணீரை அந்த 342 வரை சூடாக்கவும், அங்கேயே ஆவியாக்கவும் போய்விடுகிறது. கால் பங்குதான் அதற்கு மேல் ஏறுகிறது. வெப்பம் உள்ளே நுழையும் சராசரி வெப்பநிலை இப்படிக் கீழே இழுபடுவதால், 813-ஐ வைத்துப் போட்ட கணக்கு நடைமுறைக்குப் பொருந்தாது.

இதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் செய்யும் ஏற்பாடு முதல் பார்வைக்கு வியப்பைத் தரும். விசையாழியில் பாதி விரிந்த ஆவியில் ஒரு பகுதியை, இன்னும் வேலை செய்யும் வலு இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுகிறார்கள். வேலை குறைகிறது, ஆனால் பயனுறு திறன் கூடுகிறது. எடுத்த ஆவியைக் கொண்டு, கொதிகலனுக்குத் திரும்பும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். அந்த ஆவி தண்ணீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம் கடலுக்குப் போகாமல் கொதிகலனுக்கே திரும்பிவிடுகிறது. நெருப்பிலிருந்து வரும் புது வெப்பமும் ஏற்கெனவே சூடான நீருக்குள் உயர்ந்த வெப்பநிலையில் நுழைகிறது. பெரிய நிலையங்களில் இப்படி ஆறு, ஏழு இடங்களில் ஆவியைப் பிரித்தெடுக்கிறார்கள். இந்தப் பாடத்தைப் படிக்கும்போது நீராவி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு இடத்தில் ஆவியைப் பிரித்து, ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோஜூல் கண்டென்சருக்குப் போகாமல் தப்பியது என்று கையால் கணக்கிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.