மேல் கயிற்றில் கால்: 1994 சூப்பர் ஜே-கப் நாட்குறிப்பு

பிப்ரவரி 25

சூப்பர் ஜே-கப்: பல கம்பெனிகளின் தொழில்முறை மல்யுத்த வீரர்கள் ஒரே ராத்திரியில் மோதிய போட்டி. யார் வெல்வது என்பது முன்னாலேயே பேசிவைக்கப்படும் ஆட்டம் இது. அதன் வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கிறேன்.

கெடோ – டீன் மலென்கோ. முதல் ஆட்டம். அரங்கம் இன்னும் சூடேறவில்லை, டோக்கியோவின் ரியோகொகு கொகுகிகானின் பெட்டி இருக்கைகளில் ஆட்கள் இப்போதுதான் கால் நீட்டி உட்காருகிறார்கள். மலென்கோ மணிக்கட்டைப் பிடித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்: மணிக்கட்டு, முழங்கை, தோள், பிறகு ஆள் தரையில். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு நடுவில் காற்று புகவும் இடமில்லை. ஆனாலும் வென்றது கெடோ.

இந்த முடிவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிப்பதில்லை. 14 பேர், ஒரே ராத்திரி, 13 ஆட்டம், பல கம்பெனிகள். வார் கம்பெனியின் பெயரைச் சுமந்து வந்த கெடோ முதல் சுற்றிலேயே போனால் அந்தக் கம்பெனி எதற்கு ஆள் அனுப்ப வேண்டும்? அதோடு கெடோவை அடுத்தடுத்த சுற்றுக்குக் கொண்டுபோவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. அவர் பறப்பவர் இல்லை, பறப்பவனைப் பிடிப்பவர். வெளியே பாய்ந்து வருகிறவனைப் பிடிக்க, அவன் விழப்போகும் புள்ளிக்கு அரை அடி பின்னால் நிற்கணும். மார்பை நிமிர்த்தி, கையை அகலமாக வைத்து, எடையைத் தோளில் வாங்கி, அவனோடு சேர்ந்தே பின்னால் சாயணும். பயந்து ஓர் அடி கூடப் பின்வாங்கினால் அவன் முகம் தரையில். கைதட்டல் பறந்தவனுக்குப் போகும், அவன் முழுசாக வீடு போய்ச் சேருவது கீழே நின்றவனால்.

பிப்ரவரி 26

சூப்பர் டெல்ஃபின் – ஓட்டானி ஷின்ஜிரோ.

ஓட்டானிக்கு அப்போது 21 வயது. முகத்தைப் பார்த்தாலே தெரியும், இவன் தோற்கத்தான் போகிறான், ஆனால் அது அவனுக்குத் தெரியாது. மேல் கயிற்றில் தாவி ஏறி அங்கிருந்து இரண்டு காலையும் நீட்டி உதைப்பதுதான் பின்னாளில் அவர் பெயர் சொல்லும் அடி. ஜப்பான் ரிங்குகளில் கயிறு என்பது உள்ளே இரும்புக் கம்பி, மேலே கெட்டி ரப்பர் உறை. விரல் நுனியில் ஏறினால் கம்பி கீழே அமுங்கி ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். குதிகாலில் ஏறினால் பின்னால் சாய்க்கும். பாதத்தின் நடுப்பகுதி, பூட்ஸின் உள்வளைவு, அங்கேதான் கயிறு உட்காரணும். இரண்டு காலும் ஒரே நேரத்தில். வேர்வை சொட்டிய கயிறு என்றால் இந்தக் கணக்கெல்லாம் பாதிதான்.

வென்றது டெல்ஃபின். முகமூடிக்குள்ளிருந்தே சிரிப்பு மூட்டத் தெரிந்தவர். கோபக்கார இளைஞனுக்கு எதிரில் அந்தக் குறும்பு நன்றாக எடுபடுகிறது. இதே 1994-ல் நியூ ஜப்பான் கம்பெனியின் பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ் போட்டியில் இறுதிவரை போய் லைகரிடம் தோற்றார்.

ஓட்டானியைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 27

பிளாக் டைகர் – டாக்கா மிச்சினோகு. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். டாக்கா ஓடி வந்து கையே வைக்காமல் மேல் கயிற்றில் ஏறுகிறார். கையே வைக்காமல்!

மார்ச் 1

லைகர் – ஹயபுசா.

முதல் சுற்றில் இதற்குத்தான் காத்திருந்தேன், இதையே தள்ளிப்போட்டுக்கொண்டும் இருந்தேன். ஹயபுசா மெக்சிகோவில் பயிற்சிக் காலத்தில் இருந்தவர். எஃப்.எம்.டபிள்யூ. கம்பெனி ஆள். ஜப்பானில் பலர் அவரை இந்த உடையில், இந்தப் பெயரில் முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். எதிரில் நிற்பவர் இந்தப் போட்டிக்கே யோசனை கொடுத்தவர், மேலிருந்து முன்னே பாய்ந்து பின்பக்கமாகச் சுழன்று விழும் ஷூட்டிங் ஸ்டார் பிரஸ்ஸை முதலில் செய்து காட்டியவர். பெயர் தெரியாத பையனுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற பெரிய ஆள் குறைவு. லைகர் வாங்கிக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு தாமதித்துத்தான் எழுகிறார். அந்த ஒரு மூச்சில் அரங்கம் ஹயபுசாவை நம்ப ஆரம்பித்துவிடுகிறது.

முடிவு ஃபிஷர்மேன் பஸ்டர். எதிராளியின் தலையை அக்குளில் பூட்டி, ஒரு காலை முழங்காலுக்கடியில் கொக்கி போட்டு, தலைகீழாக நிமிர்த்தித் தூக்கி, நேராகக் கீழே. சாதாரண சப்ளெக்ஸில் தூக்கியவன் பின்னால் சாய்வான், விழுகிறவனின் முதுகு முழுக்கத் தரையில் பரவும். இதில் அந்தப் பரவல் கிடையாது. எடை தோள்பட்டையின் மேல்விளிம்பில் இறங்குகிறது. தாடை நெஞ்சோடு ஒட்டவில்லை என்றால் அந்த எடை போய்ச் சேருகிற இடம் கழுத்து. ஹயபுசாவின் தாடையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒட்டியிருக்கிறது. நல்ல பாடம் படித்த கழுத்து.

மார்ச் 3

2016-ல் ஹயபுசா இறந்த நாள்.

மார்ச் 4

மிச்சமிருந்தவை. எல் சாமுராய் – மொடெகி மசயோஷி: சாமுராய் வென்றார், தாண்டிப் போகலாம்.

ரிக்கி ஃபூஜி – நீக்ரோ கசாஸ்: இதில் எனக்கு ஆறவே ஆறாத கோபம். கசாஸை மெக்சிகோவிலிருந்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கசாஸ் நடந்தாலே ஆட்டம். ஒரு புருவத்தைத் தூக்கி எதிராளியைக் கேவலப்படுத்தத் தெரிந்தவர். காலிறுதியில் லைகர் – கசாஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் யாரோடு மோதுவது என்று கட்டம் போட்டவர்களுக்கு எஃப்.எம்.டபிள்யூ.வைச் சேர்ந்த ஒருவராவது இரண்டாம் சுற்றில் வேண்டும், ஹயபுசா போகமாட்டார், ஆகவே ஃபூஜி. கணக்கு சரிதான். சரியான கணக்கால் வருகிற எரிச்சல்தான் தீரவே தீராது.

மார்ச் 5

காலிறுதிகள் நான்கும்.

முதல் சுற்றில் மோதாமலேயே முன்னேறும் சலுகை யாருக்குப் போனது என்று கவனிக்கணும். வைல்ட் பெகாசஸ், கிரேட் சாஸுகே இரண்டு பேரும் முதல் சுற்றில் மோதவில்லை. கடைசியில் இறுதிக்கு வந்ததும் இவர்களே. அதாவது மூன்றாம் ஆட்டம் இவர்களுக்கு இறுதி, லைகருக்கும் கெடோவுக்கும் அரையிறுதி. ஒரு ராத்திரிப் போட்டியில் திறமைக்கு முன்னால் மூச்சுதான் பேசும். ரிங்குக்குள் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் லைகரின் தோள்கள் இரண்டாம் ஆட்டத்திலேயே கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. நடிப்பாகவே இருந்தாலும் சரியான இடத்தில் வந்த நடிப்பு.

கெடோ டெல்ஃபினை, சாஸுகே சாமுராயை, லைகர் ஃபூஜியை முடித்தார்கள். சாமுராய்க்கு இதைவிட நல்ல இரவுகள் உண்டு. 1997 ஜூன் 5, புடோகான், கனெமொட்டோ கோஜி அவர் முகமூடியைப் பிய்த்த அந்த சூப்பர் ஜூனியர்ஸ் இறுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீதி பெகாசஸ் – பிளாக் டைகர். பிளாக் டைகர் முகமூடிக்குள் எட்டி கெரேரோ, எதிரில் பெகாசஸாக கிறிஸ் பெனுவா. இரண்டு பேரும் உயரத்தில் குட்டை, வேகத்தில் சமம். ஒருவர் கையை வீசி நெஞ்சில் சாப் அடித்தால் மற்றவர் நெஞ்சு சிவப்பது கேமராவிலேயே தெரிகிறது. நியூ ஜப்பானில் பல தடவை மோதிய கைகள் என்பதால் பிடிக்குப் பிடி தேடல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்த ராத்திரியின் காலிறுதிகளில் இது ஒன்றுதான் தனியாகவும் நிற்கும்.

மார்ச் 6

பெனுவாவைத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் போட்டியைப் பற்றி எழுத முடியாது. 2007 ஜூனில் மனைவியையும் 7 வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். மூளைத் திசுவைப் பரிசோதித்தவர்கள் தலையில் ஓயாமல் விழுந்த அடிகளால் வரும் சேதம் என்று சொன்னார்கள். மேல் கயிற்றிலிருந்து நெற்றியால் பாய்வது அவருடைய வழக்கமான அடி. அடிபடுகிறவனுக்கு அது தோளில் படுகிற இடி, பாய்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் தலை குலுங்கும். அந்தப் பாய்ச்சல் வந்தால் இப்போதெல்லாம் நான் வீடியோவை நிறுத்துவதில்லை, ஆனால் ஆட்டத்துக்குப் புள்ளி போடுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் நடந்ததை மூளை அறிக்கை சமன் செய்யாது.

மார்ச் 8

சாஸுகே – லைகர். அரையிறுதி.

எல்லோரும் பேசுவது கடைசி ஒரு நிமிடத்தைத்தான். முதல் பாதியையும் பேசணும். மொரியோக்காவிலிருந்து சிறிய கம்பெனியை நடத்திக்கொண்டு வந்தவன் சாஸுகே. இது லைகரின் வீடு, அவருடைய நியூ ஜப்பான் நடத்தும் போட்டி. லைகர் வீட்டுக்காரராகவே நடந்துகொள்கிறார். ஆளைத் தூக்கி முதுகில் அறையும் பவர்பாம்ப் போட்டுவிட்டு அவசரப்படாமல் எழுகிறார், மூன்று எண்ணிக்கைக்குத் தோளைத் தரையில் அழுத்தும்போது காலைக் கொக்கி போடுவதில் ஓர் அலட்சியம். அந்த அலட்சியத்தைச் சேமித்து வையுங்கள், பின்னால் வட்டியோடு வரும்.

பிறகு அது. சாஸுகே மேல் கயிற்றில் கால் வைத்துத் தாவுகிறார். கால் நழுவுகிறது. உடம்பு ரிங்குக்குள் சரிந்து விழுகிறது. 11,500 பேர் என்று அறிவிக்கப்பட்ட அரங்கம் ஒரே குரலில் அடங்கிப்போகிறது. லைகர் என்ன செய்தார்? கையைத் தட்டினார். கேலியாக, நிதானமாக. அப்புறம் நெருங்கிப் போனார். சாஸுகே துள்ளி எழுந்து லைகரின் கழுத்தில் இரண்டு தொடையையும் சுற்றி, பின்னால் சாய்ந்து, தலையோடு இழுத்துக் கவிழ்த்து, மேலேயே உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

நழுவியது திட்டமா விபத்தா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். விழுந்த விதத்தைப் பார்த்தால் விபத்துதான். திட்டமிட்டு விழுகிறவன் முதுகைத் தேடிக்கொண்டு விழுவான், கை தரையைத் தட்டத் தயாராக இருக்கும். இங்கே கை எங்கேயோ காற்றில் இருக்கிறது. திட்டமாக மாறியது அதற்குப் பிறகுதான். இப்படி ஒன்று நடந்தால் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டு: ஒன்றும் நடக்காததுபோல அதே தாவலைத் திரும்பச் செய்வார்கள், அல்லது ஒரு தலைப்பூட்டைப் போட்டுக் காதில் கிசுகிசுத்து அடுத்ததைப் பேசுவார்கள். முதலாவதில் கூட்டம் சிரிக்கும், இரண்டாவதில் கூட்டம் ஆறிப்போகும். லைகர் அந்த நழுவலைக் கதைக்குள் இழுத்துக்கொண்டார். அரை மணி நேரம் யோசித்தாலும் கிடைக்காத காரணம் அந்தக் கைதட்டலில் கிடைத்துவிட்டது: இவர் சிரித்ததால்தான் தோற்றார். முகமூடிக்குள், மூன்றாவது ஆட்டத்தின் களைப்பில், இரண்டு விநாடிக்குள் எடுத்த முடிவு. தோற்கிறவர் எழுதிக்கொடுத்த வெற்றி.

இதே போன்ற ஒரு நழுவல்தான் 2001 அக்டோபர் 22-ல், கொராகுவென் ஹாலில். ஹயபுசா நடுக்கயிற்றில் ஏறிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கப் போனார். செய்து செய்து அவருக்குச் சலித்துப்போன அடி. கால் நழுவியது. சுழற்சி பாதியில் நின்றது. பின்குட்டிக்கரணத்தில் சுழற்சி கால் உதையிலிருந்துதான் பிறக்கும். உதை போனால் உயரமும் போகும், சுற்றும் போகும், தலைதான் முதலில் வரும். கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தது.

இரண்டுக்கும் நடுவே திறமையில் வித்தியாசம் எதுவும் இல்லை. முன்னால் பார்த்துத் தாவியவர் சரிந்தார், பின்னால் பார்த்துத் தாவியவர் தலைகீழாக இறங்கினார். அவ்வளவே.

மார்ச் 9

அந்தக் கைதட்டல் காதிலேயே இருக்கிறது.

மார்ச் 11

இறுதி. பெகாசஸ் – சாஸுகே. 19 நிமிடத்துக்குப் பக்கம்.

பெகாசஸ் ஆரம்பத்திலிருந்தே சாஸுகேயின் உயரத்தைக் குறைக்கப் பார்க்கிறார். தரையில் கிடத்து, முதுகில் அடி, எழுந்தால் மறுபடி கிடத்து. பறக்கிறவனுக்கு எதிராக இதுதான் வழி, ஆனால் இதையே பத்து நிமிடம் செய்தால் கூட்டம் தூங்கும். ஆகவே இடையிடையே சாஸுகேவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். அப்படி ஒரு தடவை மூலைக்கம்பத்தின் மேலிருந்து ரிங்குக்கு வெளியே, தரையில் நிற்பவன் மீது இரண்டு கால் உதை. ரிங்குக்குள் உதைத்தால் விழுந்து வாங்கப் பலகை கொஞ்சம் கொடுக்கும். வெளியே கான்கிரீட், மேலே மெல்லிய மெத்தை. உடம்பின் பக்கவாட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் தரைக்குக் கொடுத்தால்தான் இடுப்பு தப்பும். சாஸுகே எழுந்து நடக்கும் நடையில் நடிப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. 1996 ஆகஸ்டில் இதே கொகுகிகானில், அல்டிமோ டிராகனுடன் ஜே-கிரவுன் போட்டியின் இறுதியில் மண்டையோடு விரிசல் கண்டும் ஆடி வென்ற மனிதர்.

முடிவு, மேல் கயிற்றிலிருந்து கட்ரெஞ்ச் சப்ளெக்ஸ். சாஸுகேயை மூலையில் உச்சியில் உட்காரவைத்து, பெகாசஸ் கயிற்றில் ஏறி, இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிக் கட்டித் தூக்கிச் சுழற்றுகிறார். சாதாரண சூப்பர்பிளெக்ஸில் தூக்கப்படுகிறவன் தோளைப் பற்றிக்கொள்ளலாம், எப்போது சுற்றுவது என்பதில் அவனுக்கும் பங்கு உண்டு. இதில் பற்ற எதுவுமில்லை. தூக்குகிறவன் இடுப்பைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டால் சுற்று கூடும், தாமதமாக விட்டால் குறையும். குறைந்தால் தோளும் கழுத்தும். பெகாசஸ் சரியான நொடியில் விட்டார். சாஸுகேயின் முதுகு தட்டையாக விழுந்தது. மூன்று.

கைகள் அவ்வளவு கவனமாக வேலை செய்வதைப் பார்க்கும்போதுதான் 6-ஆம் தேதி எழுதியது தொண்டையில் நிற்கிறது.

மார்ச் 12

ஓட்டானி. 2022 ஏப்ரல் 10. ரியோகொகு கொகுகிகான், இதே கூரை. மூலையில் இருக்கிற மெத்தை மேல் ஜெர்மன் சப்ளெக்ஸ்: பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் பின்பக்கமாக வீசுவது. கழுத்துத் தண்டுவடம். அதற்குப் பிறகு அவர் ரிங்கில் மோதவில்லை.

அந்த அடியின் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். திறந்த தரையில் ஜெர்மன் என்றால் விழுகிறவனுக்குத் தோள்பட்டையில் உருண்டுபோக இடம் இருக்கிறது. மூலையில் உருள முடியாது. நடு மெத்தையில் முதுகு பட்டு, அங்கிருந்து எந்தக் கோணத்தில் கீழே நழுவுவோம் என்பது இருவர் கையிலும் இல்லை.

21 வயதில் எவ்வளவு கோபமான முகம்.

மார்ச் 13

பார்க்கவில்லை.

மார்ச் 15

இரண்டாவது சூப்பர் ஜே-கப், 1995 டிசம்பர் 13. இதை நடத்தியது வார், இடம் மட்டும் அதே ரியோகொகு. இறுதியில் லைகர், கெடோவை வென்றார். இந்தத் தடவை லைகர் யாருக்கும் கைதட்டுகிறாரா என்று மட்டும் பார்க்கப் போகிறேன். முதல் சுற்று இன்று ராத்திரி, கெடோவிலிருந்து தொடங்குகிறேன்.