மலை இல்லாத ஊர்க்காரன் எழுதுவது

டான் பேட்மேனை விமானத்தில் போகிறவர்களில் பலருக்கே தெரியாது. 1932-இல் கனடாவின் சாஸ்கடூனில் பிறந்த என்ஜினியர், 2023-இல் காலமானார். விமானம் தரையில் மோதப்போகிறது என்று விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவி அவர் கைவேலை.

நான் ஏவியானிக்ஸில், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவி வேலையில் இருக்கிறேன். லீவுக்கு நீடாமங்கலம் வந்தால் சித்தப்பா விடமாட்டார். "ஏம்பா, எதிர்ல நிக்கிற மலை தெரியாமயா போய் மோதுவான்?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் உயரம் என்றால் வெண்ணாற்றங்கரையும் கோயில் கோபுரமும்தான்.

"மார்கழிப் பனியில நம்ம வரப்பு தெரியுதா சித்தப்பா?" என்றேன். மேகத்துக்குள் அப்படித்தான். என்ஜின் நன்றாக ஓடும், ஒரு கோளாறும் இருக்காது. தான் இருக்கும் இடம் மட்டும் விமானிக்குத் தப்பாகப் பட்டிருக்கும். 1966 ஜனவரியில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்கில் மோதியது அப்படித்தான். முகட்டைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இறக்கினார்கள். 117 பேர் போனார்கள். (அது சதி என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வரும். சித்தப்பாவே அனுப்பியிருக்கிறார்.)

பேட்மேன் ரேடியோ ஆல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டார். விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் ஆன்டெனா கீழே அலையை அனுப்பும். அது பட்டுத் திரும்புவதை வைத்து உயரம் தெரியும். தரை மளமளவென்று நெருங்கினால் "புல் அப்" (மேலே தூக்கு) என்று கருவி கத்தும். 1974 டிசம்பரில் வாஷிங்டன் பக்கத்து மலையில் ஒரு விமானம் மோதி 92 பேர் இறந்த பிறகு அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அது கீழே மட்டும்தான் பார்க்கும். எதிரே மலை செங்குத்தாக எழும்பினால் பாவம், அதற்கு என்ன தெரியும்? 1979-இல் அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் மோதிய விமானத்தில் அது கத்தியது கடைசி ஆறு வினாடியில்தான். 257 பேர். கருவி பழுதில்லை, அதுதான் கொடுமை.

விமானியைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடவில்லை பேட்மேன். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் வினாடி எங்கே கிடைக்கும் என்று தேடினார். உலகத்து மேடுபள்ளம் முழுக்கக் கருவிக்குள் இருந்துவிட்டால்? அந்த அளவு வரைபடம் ராணுவங்களிடம்தான் இருந்தது. சோவியத் யூனியன் உடைந்ததும் அவர்கள் எடுத்த வரைபடங்களை வாங்கித்தரச் சொல்லிக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். இப்போது எச்சரிக்கை ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்னாலேயே வருகிறது. காக்பிட் திரையில் மலை மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும்.

"ரஷ்யாக்காரன் நீடாமங்கலத்தையும் அளந்திருப்பானோ?" என்றார் சித்தப்பா. அளந்திருந்தால் அவனுக்கு அலுப்புத் தட்டியிருக்கும்.

செல்ஃப் டெஸ்ட் பட்டனை அழுத்தினால், நிற்கிற விமானமும் "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" என்று அலறும். புதுப் பையன்கள் சிரிப்பார்கள். நான் கருவிக்குள் இருக்கும் வரைபட டேட்டாபேஸ் எந்தத் தேதியுடையது என்று பார்ப்பேன். மலை நகராது, ரன்வே புதிதாக வருமே. பழைய டேட்டாவோடு புது ரன்வேயில் இறங்கினால், அங்கே ரன்வே இருப்பது தெரியாமல் கருவி வீணாகக் கத்தும். வீணாகக் கத்துகிற கருவியை விமானி மதிக்கமாட்டார். ஆரம்பக்கால மாடல்களுக்கு அந்தக் கெட்டபெயர் இருந்தது. அதைப் போக்கவே பேட்மேன் வருஷக்கணக்கில் உழைத்தார்.