மகளின் சிகிச்சைக் கோப்பு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

3 மார்ச் 2024, ஞாயிறு

மகள் மேற்படிப்புக்காக ஜொகூர் செல்லவிருப்பதால், அவளுடைய பழைய மருத்துவக் கோப்பை இன்று அலமாரியிலிருந்து இறக்கி, தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கினேன். 2007-ஆம் ஆண்டு, இரண்டு வயதில், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் இடது அட்ரீனல் சுரப்பியில் அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா கண்டுபிடிக்கப்பட்டது. பரிவு நரம்பு மண்டலத்தின் முதிராத செல்களில் தோன்றும் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே தாக்குகிறது. கீமோ, அறுவை, ஸ்டெம் செல் சிகிச்சை, கடைசியாகக் கதிர்வீச்சு என்று எல்லாவற்றையும் அந்தச் சின்ன உடம்பு தாங்கியது. கதிர்வீச்சுத் தாளின் ஓரத்தில் "வயிறு, இடப்பக்கம், 21.6 கிரே" (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) என்ற பொருளில் நீல மையால் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரிதான், இந்தக் கோப்பு முழுவதிலும் இனி அவளுக்கு மிகவும் தேவைப்படப்போகும் வரி.

9 மார்ச், சனி

சுகாதாரக் கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர் கோப்பை ஒவ்வொரு தாளாகப் பொறுமையுடன் படித்தார். பழைய கட்டி திரும்புவது வேறு, சிகிச்சையின் விளைவாகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு புற்றுநோய் தோன்றுவது வேறு என்று அவர் மகளிடமே விளக்கினார். எட்டோபோசைடு என்ற மருந்தால் இரத்தப் புற்றுநோய் வருமானால், அது பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. சைக்ளோபாஸ்பமைடு போன்றவற்றால் வருவது சற்றுத் தாமதமாக, பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகிறது. அந்தக் கண்டத்தை அவள் ஏறக்குறைய தாண்டிவிட்டாள் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. கதிர்வீச்சின் கணக்கு அப்படியன்று. அது பட்ட இடத்திலும் அதை ஒட்டியும், பெரும்பாலும் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகே கட்டிகள் தோன்றத் தொடங்கும். அந்த அபாயம் இந்த வயதோடு முடிந்தது என்று கோடு போட முடியாது. அவளைப் பொறுத்தவரை சிறுநீரகம், பெருங்குடல், எலும்பு, தோல் ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும். கதிரியக்க அயோடின் சேர்ந்த எம்.ஐ.பி.ஜி. சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்குத் தைராய்டையும் தவறாமல் பார்க்க வேண்டுமாம். இவளுக்கு அது கொடுக்கப்படவில்லை.

நோயின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் கதிர் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் வரக்கூடிய ஆபத்து மாறுகிறது. ஆகவே இந்தத் தாள்களைப் பிறப்புப் பத்திரத்துக்குச் சமமாகப் பாதுகாக்க வேண்டும் என்று, இதே பாதையில் வந்த எல்லாப் பெற்றோரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

21 மார்ச், வியாழன்

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஓர் அக்காள், "அதான் பிள்ளை நல்லாயிட்டாளே, இன்னும் ஏம்மா ஆஸ்பத்திரி?" என்று அன்போடுதான் கேட்டார். இப்படி மீண்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது புற்றுநோய் வருவதேயில்லை; ஆனாலும் மற்றவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதை, அமெரிக்காவில் 1994-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு காட்டியிருக்கிறது என்று சொன்னேன். சிறுநீரில் இரத்தம், வலியில்லாத கட்டி, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றை அவள் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும். அக்காள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் மகளின் நெற்றியில் திருநீறு பூசினார்.

6 ஏப்ரல், சனி

"எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் இது வருமா அம்மா?" என்று மகள் இன்று கேட்டாள். நியூரோபிளாஸ்டோமா குடும்ப வழியாக வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். எங்கள் இரு குடும்பங்களிலும் அப்படி யாரும் இல்லை. இந்தப் பேச்சைத் திண்ணையில் இருந்து கேட்ட அவள் அப்பா சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். அவள் பக்கத்தில் புகைக்கக் கூடாது என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

இடைநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டான படிவம் ஒன்றில் போட்ட, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியின் அட்டையையும் கோப்பில் சேர்த்தேன். வயிற்றில் கதிர்வீச்சு பெற்றவர்கள் 30 வயதிலிருந்தோ, கதிர்வீச்சு முடிந்த ஐந்து ஆண்டுகளிலிருந்தோ, இவற்றில் எது பிந்தியதோ அப்போதிருந்து பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். மகள் எல்லாத் தாள்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, நாட்காட்டியில் 2035-ஆம் ஆண்டுக்கு நினைவூட்டல் வைத்தாள். ஜொகூரில் எந்தக் கிளினிக்கில் பதிவு செய்வது என்பதை அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.