மணிக்குப் போட்ட அஞ்சு ஊசி

சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால்ல வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர், எக்ஸ்எல் வண்டில முன்னாடி சாக்கு விரிச்சு அவரோட நாட்டு நாய படுக்க வச்சு கூட்டிட்டு வந்தாரு. பேரு மணி, 4 வயசு. மூத்திரம் போற எடத்துல 3 மாசமா ரத்தம் சொட்டிருக்கு, சூடுன்னு நெனச்சு மோரு குடுத்து பாத்துருக்காரு. "புத்துன்னு சொல்லிட்டாக தாயி, வலி தெரியாம ஒரு ஊசியப் போட்டு அனுப்பி விட்ருங்க"ன்னு சொல்லிட்டு என் முகத்தப் பாக்காம சுவத்தப் பாத்துட்டு நின்னாரு.

18 வருஷமா மதுரைல கால்நடை டாக்டரா இருக்கேன், இந்த ஒரு வார்த்தைய கேக்குறப்பதான் எனக்கு வயித்தப் பெசையும். ஏன்னா தோல ஒதுக்கிப் பாத்தா உள்ள காலிஃபிளவர் மாதிரி கட்டி, ஸ்லைடுல ஒத்தி எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சா உருண்டை உருண்டையா செல்லு, ஓரத்துல பொடிப்பொடியா வெள்ளக் குமிழ். டி.வி.டி. (TVT)ன்னு சொல்லுவோம், நாய்க்கு நாய் தொத்துற கேன்சர். நாய்ங்க இணை சேரும்போதும் மோந்து நக்கும்போதும் கேன்சர் செல்லே நேரா ஒட்டிக்கிட்டு அடுத்த நாய்க்குப் போயிரும். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஏதோ ஒரு நாயோட செல்லுதான் இன்னைக்கு மணி ஒடம்புலயும் இருக்கு, இத நெனச்சா இப்பவும் எனக்கு புல்லரிக்கும். ஆனா பெரும்பாலும் முழுசா கொணமாகுற கேன்சர் இது.

மருந்து வின்கிறிஸ்டின், வாரம் ஒரு ஊசி. நித்தியகல்யாணிச் செடில இருந்து எடுக்குறதுன்னு சொன்னதும் பெரியவர் நிமிந்துட்டாரு, "அட நம்ம சுடுகாட்டு மல்லி! நானே அரைச்சுக் குடுத்துரவா?"ன்னாரு. வேணவே வேணாம்யா, அது வெஷம், அளவு தப்புனா உசுரு போயிரும்னு கையப் புடிச்சு சொன்னேன். ஊசியிலயும் அதே பயந்தான், ஒரு சொட்டு நரம்புக்கு வெளிய போனாலும் அந்த எடத்துல சதை அழுகிரும், அதனால மொதல்ல சலைன் விட்டு நரம்பு சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் மருந்த ஏத்துவேன், ஒவ்வொரு வாரமும் ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை பாத்துட்டுதான் அடுத்தது. ஊசி போட்ட 2, 3 நாளைக்கு அது மூத்திரத்த வெறுங்கையால தொடாதீங்கன்னும் சொல்லி விட்டேன்.

பொட்ட நாய் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, இது மணிக்கு வந்தது இல்ல, வேற கட்டி, கையெடுத்துக் கும்புட்டு கேக்குறேன், மார்க்காம்புகிட்ட கோலிக்குண்டு அளவுல கட்டி தட்டுப்பட்டா அன்னைக்கே வாங்க, தேங்கா அளவு ஆனப்பறம் கொண்டு வந்தா நான் என்ன செய்ய? மொத பருவத்துக்கு முன்னாடியே கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா மார்க்கட்டி வர்றது ரொம்பவே கொறைஞ்சிரும். பூனைக்கு மார்ல கட்டின்னா பெரும்பாலும் கெட்ட கட்டிதான், ஒரு வாரங்கூட தள்ளிப் போடாதீங்க.

மணிக்கு ரெண்டாவது ஊசிக்கே ரத்தம் நின்னுச்சு, அஞ்சாவதுல கட்டி இருந்த தடமே இல்ல. அதோட விடல பெரியவர், போன வாரம் அதே எக்ஸ்எல்ல அவங்க தெருப் பொட்ட நாய் ஒண்ணையும் சாக்குல சுத்தி கொண்டு வந்துட்டாரு, "இதுக்கும் சொட்டுது தாயி, மணிகூட சுத்துனதுதான்"னு. நாளைக்கு அதுக்கு ரெண்டாவது ஊசி.