கண்டிப் புகையும் கணினிக் கணக்கும்

முதுமாணி ஆய்வுக்கு நான் எடுத்த கேள்வி சின்னது: பழைய டீசல் பஸ்களை நகருக்குள் விடாவிட்டால் கண்டியின் காற்றில் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய) நுண்துகள் எவ்வளவு குறையும்? காற்றில் மாசு எப்படிப் பரவும் என்று கணிக்கும் ஏர்மொட் மென்பொருள் இலவசம். எண்களைக் கொடுத்தால் அழகான நிற வரைபடம் வந்துவிடும். அதை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் வேலையே இருந்தது.

முதல் தலையிடி காற்று. கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளம். வானிலை அவதான நிலையமோ கட்டுகஸ்தோட்டையில். அங்கே வீசும் காற்றுத்தான் நகர நடுவில் குளத்தடியிலும் வீசும் என்றில்லை. அதோடு இந்தக் கணக்கில் காற்று வேகம் குறையக் குறைய மாசுச் செறிவு ஏறும். குளிர்ந்த வளி அடியில் தேங்கும் விடியற்காலையில் வேகம் பூச்சியத்தை நெருங்கினால், விடை எங்கேயோ போய்விடும். பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் நெருக்குவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான்!

அடுத்தது, ஒரு பஸ் கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் துகள் கக்கும் என்பது. 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். டீசல் வண்டியை நிறுத்தி வைத்து அக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் கருமையை அளப்பது அது. ஆள் நிரம்பி ஏற்றத்தில் திணறும் பஸ்ஸின் கணக்கு அதில் வராது. வெளிநாட்டு அட்டவணைகளிலிருந்து ஒரு வீச்சைத்தான் எடுக்க முடிந்தது.

சரி, ஒற்றை எண்ணை விட்டு மொன்டே கார்லோ முறைக்குப் போனேன். ஒவ்வொரு உள்ளீட்டையும் அதன் வீச்சுக்குள் குலுக்கிப்போட்டு ஆயிரக்கணக்கில் கணிப்பது. நேரடியாக வெளிவரும் துகளுக்கு, வெளியேற்றம் இரட்டித்தால் அதனால் வரும் செறிவும் இரட்டிக்கும். அதனால் காற்றை மாற்றும்போது மட்டும் மென்பொருளை மறுபடி ஓட்டினால் போதும். என் பழைய மடிக்கணினி தப்பியது.

“பஸ் இருக்கிற நிலைமைக்கும் இல்லாத நிலைமைக்கும் ஒரே காற்றைக் குடு தம்பி” என்றார் ஆய்வை மேற்பார்வை செய்த சேர். முழு ஆய்வுக்கும் பெறுமதியான ஆலோசனை அதுதான். தனித்தனியாகக் குலுக்கினால், பஸ்ஸை நிறுத்தியதால் புகை கூடியது என்றுகூடச் சில விடைகள் வரும். ஒரே காற்றென்றால் குறையும் என்பது உறுதி. எவ்வளவு என்பதில்தான் இழுபறி.

அதிகாரிகளுக்குச் சதவீதம் வேண்டும். ஆனால் விறகடுப்புப் புகையும், வடகீழ்ப் பருவக்காற்றோடு கடல் தாண்டி வரும் தூசும் பஸ்ஸை நிறுத்தினாலும் அப்படியே இருக்கும். அந்தப் பங்கைக் கூட்டிப் போட்டால் சதவீதம் சுருங்கும். ஆகவே குறைவை மைக்ரோகிராமில், வீச்சாகவே எழுதினேன். இலங்கையின் ஆண்டு நியமமான கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராமுக்குள் நகரம் வந்துவிடுமா என்பதற்கு ஆம், இல்லை எழுதவில்லை. உலக சுகாதார அமைப்பு 2021 இல் சொன்ன 5 ஐப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இதே வேலையில் இறங்குபவர்கள் புதிய மென்பொருள் தேட முன்னர் குளத்தடியில் ஒரு காற்றுமானி நடப் பாருங்கள்.